இறந்த பிறகு உடலுக்குள் இருக்கும் பேஸ்மேக்கருக்கும் செயற்கை மூட்டுக்கும் என்ன ஆகும்?

பேஸ்மேக்கரும் செயற்கை இடுப்பு மூட்டும் பொருத்தப்பட்டிருந்த தந்தையை அண்மையில் இழந்திருக்கிறீர்கள். "இறந்த பிறகு இந்தக் கருவிகள் என்ன ஆகும்?" என்று தலைப்பில் பொதுவாகக் கேட்டிருந்தாலும், கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களை உறுத்துவது மூன்று விஷயங்கள் என்று தெரிகிறது. மூச்சு நின்ற பிறகும் மானிட்டரில் கோடுகள் எழும்பிக்கொண்டிருந்தனவே, அப்படியிருக்க இறந்துவிட்டார் என்று மருத்துவர் சொன்னது சரிதானா? எரியூட்டும் முன் பேஸ்மேக்கரை எடுத்தே ஆகவேண்டும் என்றவர்கள், இடுப்பு மூட்டைப் பற்றி வாயே திறக்காதது ஏன்? எடுத்த கருவி இப்போது எங்கே, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பாதிதான் இருக்கிறது.

நான் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவன். பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளை உடலிலிருந்து எடுப்பதும், எண்ணைக் குறித்துக்கொள்வதும், உரியவர்களிடம் ஒப்படைப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. உயிரோடு இருப்பவர்களுக்கு இவற்றைப் பொருத்தி நிரல்படுத்துவது இதயவியல் மருத்துவர்களின் துறை. சட்டம் வக்கீல்களின் துறை. அந்த எல்லைகளைத் தொடும் இடங்களில் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவேன்.

மருத்துவர் சொன்னது சரிதான். பேஸ்மேக்கருக்கு இதயத்தைப் பிடித்து அமுக்கும் வலு கிடையாது. "துடி" என்று ஆணையிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஆணை என்பது சில வோல்ட் அளவிலான, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத மின்தூண்டல். அதைக் கேட்டுச் சுருங்க வேண்டியது இதயத் தசை. ஆக்சிஜன் நின்று, செல்களுக்குள் சக்தி தீர்ந்து, உப்புகளின் சமநிலை குலைந்த தசை எத்தனை முறை தூண்டினாலும் அசையாது. ஆனால் தசை கேட்கிறதா இல்லையா என்பதைப் பற்றிப் பேஸ்மேக்கருக்குக் கவலையில்லை. அது தன் வேகத்தில் தூண்டிக்கொண்டே இருக்கும். மானிட்டர் அந்தத் தூண்டலைச் செங்குத்தான கோடாகக் காட்டும். நீங்கள் பார்த்தது அதைத்தான். கோட்டுக்குப் பின்னால் துடிப்பு இல்லை. இதனால்தான் இத்தகைய நோயாளிகளின் இறப்பை மானிட்டரை மட்டும் பார்த்து அறிவிப்பதில்லை. நாடி, மூச்சு, இதய ஒலி, ஒளி பட்டால் கண்மணி சுருங்குகிறதா என்று தொட்டும் கேட்டும் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். பேஸ்மேக்கர் இருப்பதால் உயிர் போகத் தாமதமாகிறது, அவதி நீள்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலோர் இறப்பது புற்றுநோய், நுரையீரல் தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றால். அவற்றின் போக்கைப் பேஸ்மேக்கர் தடுப்பதில்லை.

உங்கள் தந்தைக்கு இருந்தது பேஸ்மேக்கர் மட்டும் என்பதால் அடுத்ததை நீங்கள் தாண்டிச் செல்லலாம். ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோற்றத்தில் பேஸ்மேக்கரைப் போலவே இருக்கும் இன்னொரு கருவி உண்டு: ஐசிடி. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது உள்ளிருந்தே 30 முதல் 40 ஜூல் வரை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது அதன் வேலை. இறக்கும் தறுவாயில் பல இதயங்கள் தாறுமாறாகத் துடிப்பதுண்டு. கருவிக்கு இது விடைபெறும் துடிப்பா, மீட்க வேண்டிய துடிப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே அமைதியாகப் போக வேண்டிய மனிதர் சில சமயம் படுக்கையில் தூக்கிவாரிப் போடப்படுகிறார். ஒரு முறையோடு நிற்காமல் பல முறைகூட. இதைத் தடுக்க அறுவை தேவையில்லை. புரோகிராமர் என்ற வெளிக்கருவியால் அதிர்ச்சி கொடுக்கும் பகுதியை மட்டும் வலியின்றி அணைத்துவிடலாம். பேஸ்மேக்கராக அது செய்யும் வேலை தொடரும். நேரமில்லை என்றால் கருவியின் மேல் தோலோடு ஒட்டி வைக்கும் காந்தம், அது அங்கே இருக்கும்வரை பெரும்பாலான ஐசிடிகளின் அதிர்ச்சியை நிறுத்திவைக்கும். நோயாளியோ அவர் சார்பில் முடிவெடுப்பவரோ கேட்டால் இப்படி அணைப்பது நெறிக்கு உட்பட்டதே, அது கருணைக்கொலை ஆகாது என்று இதயத் துடிப்பியல் வல்லுநர்களின் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டி 2010இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் பேச்சை எடுக்க எல்லோருக்கும் தயக்கம். ஐசிடியோடு இறந்தவர்களின் 100 குடும்பங்களிடம் கேட்டு 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 27 பேர் மட்டுமே இதைப் பற்றி யாராவது முன்கூட்டிப் பேசியதாகச் சொன்னார்கள். எட்டுப் பேருக்குக் கடைசி நிமிடங்களில் அதிர்ச்சி விழுந்திருந்தது. வீட்டில் யாருக்காவது ஐசிடி இருந்து, நோய் தீராது என்ற கட்டம் வந்துவிட்டால், மருத்துவர் பேச்சை எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. பேஸ்மேக்கரை எடுக்கச் சொல்வதற்கு ஒரே காரணம் பேட்டரி. கருவியின் ஓடு டைட்டானியம். துளிக் காற்றும் புகாதபடி பற்றவைத்து மூடியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம்-அயோடின் பேட்டரி. லித்தியம் 180 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அயோடின் 184 டிகிரியில் கொதிக்கும். தகன உலையின் வெப்பமோ 800 முதல் 1,000 டிகிரி. அடைபட்ட ஓட்டுக்குள் வாயு பெருகுகிறது, வெளியேற வழியில்லை, ஓடு கிழிகிறது. பிரிட்டனில் ஒரு பேஸ்மேக்கர் உலைக்குள் வெடித்த செய்தி 1976இலேயே பதிவாகியிருக்கிறது. 2002இல் அந்நாட்டுத் தகனக்கூடங்களில் எடுத்த கணிப்பில், பதில் சொன்ன ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படி வெடித்ததைத் தாங்களே கண்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் சேதம் உலையின் செங்கலோடும் கதவோடும் நின்றுவிடுகிறது. ஆனால் உடல் வெந்துவிட்டதா என்று பார்க்கும் துவாரத்துக்கு அருகே அந்த நேரத்தில் ஓர் ஆள் குனிந்து நின்றால்? அந்த ஆளுக்காகத்தான் எடுக்கச் சொல்கிறோம். திறந்த நெருப்பில் எரித்தாலும் வேதியியல் மாறப்போவதில்லை. சுற்றி நிற்பவர்களுக்கு இடையே செங்கல் சுவர்கூட இருக்காது.

எடுப்பது சிறிய வேலை. பெரும்பாலும் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில்தான் கருவி இருக்கும். பழைய தழும்பின் மேலேயே சில சென்டிமீட்டர் கீறி, கருவியை வெளியே எடுத்து, இதயத்துக்குள் போகும் கம்பிகளை வெட்டிவிட்டுத் தையல் போட்டால் முடிந்தது. கம்பிகளை உருவி எடுப்பதில்லை. அவை உள்ளேயே இருக்கலாம், வெடிக்க அவற்றில் ஒன்றுமில்லை. முகத்துக்கோ மார்புக்கோ எந்தச் சிதைவும் வராது. சட்டை போட்டால் தெரியவே தெரியாது. ஐசிடி என்றால் மட்டும் முதலில் அணைக்க வேண்டும். அணைக்காமல் கம்பியை வெட்டினால், வெட்டும்போது உண்டாகும் மின் இரைச்சலைத் தாறுமாறான துடிப்பு என்று நினைத்துக் கருவி அதிர்ச்சி கொடுத்துவிடும். இந்த முறை அது எங்கள் கையில். இப்போது கம்பியே இல்லாமல் இதயத்தின் கீழறைக்குள் நேரடியாகப் பொருத்தும், மாத்திரை போன்ற சின்னஞ்சிறு பேஸ்மேக்கர்களும் வந்துவிட்டன. அவற்றை எடுக்க மார்பையே திறக்க வேண்டும். எடுப்பதா விடுவதா என்பதை அந்தந்த மாதிரிக்கு உற்பத்தியாளர் தந்திருக்கும் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொத்தாம்பொதுவாக ஒரு விதி சொல்ல நான் தயாரில்லை.

பேட்டரிதான் பிரச்சினை என்று பிடித்துக்கொண்டால் மற்றவற்றை நீங்களே பிரித்துவிடலாம். பார்க்கின்சன் நோய்க்கு மூளையைத் தூண்டும் கருவி, நாள்பட்ட வலிக்குத் தண்டுவடத்தைத் தூண்டும் கருவி, துடிப்பைப் பதிவு செய்ய மார்புத் தோலடியில் வைக்கும் ரிக்கார்டர், முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்தும் பம்ப், எல்லாவற்றிலும் பேட்டரி உண்டு. எல்லாவற்றையும் தகனத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். மருந்து பம்ப்பில் மார்ஃபின் போன்ற மருந்தும் மீதம் இருக்கும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. காது கேளாதோருக்கான காக்ளியர் கருவியில் உள்ளே இருக்கும் பாகத்துக்குப் பேட்டரி கிடையாது. வெளியே மாட்டும் பாகத்தைக் கழற்றிவிட்டால் போதும். பேட்டரி இல்லாமலும் வெடிக்கக்கூடிய ஒரு விதிவிலக்கை மருத்துவர்களே மறந்துவிடுவதுண்டு: உடைந்த எலும்புக்குள் செருகி, உப்பு நீரை அழுத்தத்தோடு ஏற்றி விரியச் செய்யும் ஒரு வகைக் கம்பி. உள்ளே அடைபட்ட நீர் ஆவியானால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டென்ட், செயற்கை வால்வு, கண்ணுக்குள் வைத்த லென்ஸ், குடலிறக்க வலை இவற்றால் எந்த ஆபத்தும் இல்லை. சிலிகான் மார்பகப் பைகள் வெடிக்கும் என்பது வெறும் கதை. அவை எரிந்துபோகும், சில சமயம் உலையின் தரையில் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்புரை லென்ஸ் இருந்தால் கண்தானம் செய்ய முடியாது என்ற நம்பிக்கையும் தவறு; தானமாகப் பெறுவது முன்னால் இருக்கும் விழிவெண்படலத்தை, லென்ஸ் அதற்குப் பின்னால் இருக்கிறது.

கதிரியக்கம் தனிக் கதை. 1970இல் பாரிஸில் தொடங்கிச் சில ஆண்டுகள் புளூட்டோனியம்-238 வைத்த பேஸ்மேக்கர்களும் பொருத்தப்பட்டன. ஏன் என்று கேட்டால், அன்றைய சாதாரண பேட்டரிகள் இரண்டொரு ஆண்டில் தீர்ந்துபோயின; புளூட்டோனியத்தின் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 88 ஆண்டுகள். மனிதர் போன பிறகும் கருவி ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நெருப்பைத் தாங்கும்படிதான் அவற்றின் உறையைச் செய்தார்கள். இருந்தாலும் இறந்தவரிடமிருந்து கட்டாயம் மீட்டு அணுசக்திப் பொருளாகவே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. இப்போது நடைமுறையில் கேள்வி எழுவது புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வைக்கும் அயோடின்-125 குறுமணிகளைப் பற்றித்தான். அவற்றின் அரைவாழ்வு 59 நாட்கள். ஓராண்டு கழிந்தால் கதிரியக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். வைத்த சில மாதங்களுக்குள் இறப்பு நேர்ந்தால் மருத்துவமனையின் கதிரியல் பாதுகாப்பு அலுவலரிடம் பேசாமல் எரியூட்டக் கூடாது. ஊசி வழியே ஏற்றும் கதிரியக்க மருந்துகளுக்கும் இது பொருந்தும். 2017இல் அரிசோனாவில் லுட்டீஷியம்-177 மருந்து பெற்ற ஒருவர் சில நாட்களுக்குள் வேறொரு மருத்துவமனையில் இறந்தார். மருந்து கொடுத்த இடத்துக்குத் தகவல் போவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. பிறகு சோதித்தபோது உலையிலும் எலும்பைப் பொடிக்கும் எந்திரத்திலும் கதிரியக்கம் இருந்தது. உலையை இயக்கியவரின் சிறுநீரில் லுட்டீஷியம் இல்லை. ஆனால் டெக்னீஷியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள் இருந்தது. அவர் அந்த மருந்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதே இல்லை. வேறு ஏதோ ஓர் உடலை எரித்தபோது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் என்றுதான் அவர்களும் எழுதினார்கள்.

உங்கள் தந்தையின் இடுப்பு மூட்டுக்கு வருகிறேன். அதைப் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. செயற்கை இடுப்பு என்பது பொதுவாக டைட்டானியம் அல்லது கோபால்ட்-குரோமியக் கலவையில் தண்டு, உலோகத்திலோ பீங்கானிலோ பந்து, உள்ளே பாலிஎத்திலீன் கிண்ணம். கிண்ணமும் எலும்புச் சிமெண்டும் எரிந்துவிடும். டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும்; கோபால்ட்-குரோமியத்துக்கும் 1,300க்கு மேல் வேண்டும். தகன உலை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. நிறம் மட்டும் மாறி, தண்டும் பந்தும் அப்படியே எலும்புகளுக்கு நடுவே கிடக்கும். எலும்பைப் பொடிக்கும் எந்திரத்துக்குள் இது போனால் எந்திரம்தான் உடையும். ஆகவே அதற்கு முன்பே பொறுக்கி எடுத்துவிடுவார்கள். காந்தத்தை ஓட்டினால் சவப்பெட்டியின் ஆணிகள் ஒட்டும்; மூட்டுக்குப் பயன்படும் உலோகங்கள் பெரும்பாலும் காந்தத்துக்கு மசியாதவை என்பதால் அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். அப்படிச் சேரும் உலோகத்தைப் பல நாடுகளில் மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். இதற்கென்றே 1997இல் நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரிட்டனில் குடும்பத்தின் ஒப்புதலோடு விற்று, வரும் பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. உருக்கிய உலோகம் மறுபடி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மூட்டை மூட்டாகவே இன்னொருவருக்குப் பொருத்துவது மட்டும் நடக்காது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, ஒருவரின் எலும்போடு இறுகிப்போன உலோகத்தை நம்பி யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். தங்கப்பல்லைப் பற்றியும் கேட்பார்கள்: சிறு மணிகளாக உருகிச் சிதறி எலும்போடு கலந்துவிடும், தேடி எடுப்பது வீண். வெள்ளி நிறப் பல்நிரப்பியில் ஏறக்குறையப் பாதி பாதரசம். அது ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும், வடிகட்டி வைத்த உலைகளில் பெரும்பகுதி அங்கே தங்கும்.

புதைப்பதாக இருந்தால் எதையும் எடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பேட்டரி இருக்கும்வரை பேஸ்மேக்கர் மண்ணுக்குள்ளும் தூண்டிக்கொண்டிருக்கும். அது சிலருக்கு நெஞ்சைப் பிசைகிறது, எனக்கு ஒரு கடிகாரம் ஓடுவதைப் போலத்தான். டைட்டானியம் தன் மேலேயே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்வதால், எலும்பு மக்கிய பிறகும் நெடுங்காலம் இருக்கும். பேட்டரிகள் மண்ணை எந்த அளவுக்குப் பாதிக்கின்றன என்பது அதிகம் ஆராயப்படாத பகுதி. அதனால்தான் புதைக்கும்போதும் எடுத்துவிடச் சில இடங்களில் கேட்கிறார்கள். நெருப்புக்குப் பதில் காரக் கரைசலில் உடலைக் கரைக்கும் முறையும் சில நாடுகளில் வந்திருக்கிறது. வெப்பம் 150 டிகிரி அளவோடு நிற்பதால் அதில் பேஸ்மேக்கர் வெடிப்பதில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் தரை வழுக்குகிறது. கருவி யாருக்குச் சொந்தம்? உடலுக்குள் பொருத்தியதும் அது நோயாளிக்குச் சொந்தம், இறந்தபின் அவருடைய சொத்தை நிர்வகிப்பவருக்குப் போகும் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை 1983இல் அறிவுரை தந்தது. அது ஒரு நாட்டின் அறிவுரை. வேறிடங்களில் சட்டம் மாறும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் "எடுத்த கருவியை மருத்துவமனை அப்புறப்படுத்தலாம்" என்று ஒரு வரி இருந்தாலும் நிலைமை மாறும். முதலில் அந்தப் படிவத்தைத் தேடிப் பாருங்கள்.

எடுத்தபின் அது நான்கில் ஒரு வழியாகத்தான் போயிருக்கும். மருத்துவக் கழிவாக அழித்திருப்பார்கள். உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பயிற்சிக்கோ ஆய்வுக்கோ வைத்திருப்பார்கள். அல்லது மறுபயன்பாட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். கடைசி வழியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். பேஸ்மேக்கரை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் மறுபயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஆனால் வாங்க வழியில்லாமல் இறப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கனடாவில் சேகரித்துக் கிருமி நீக்கிய கருவிகளை மெக்சிகோ, குவாதமாலா போன்ற நாடுகளில் 1,051 பேருக்குப் பொருத்தி, புதிய கருவி பெற்ற 3,153 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் தொற்று முதல் குழுவில் 2 சதவீதம், இரண்டாவதில் 1.2 சதவீதம், புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு செய்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல என்பதால் அதைக் கடைசிச் சொல்லாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எடுக்கும் கருவிகளில் போதிய பேட்டரி ஆயுள் மிச்சமிருப்பவையும் சிறு பகுதிதான். கருவிகள் முதலில் தீர்வதும் மனிதர்கள் தொடர்வதும்தானே வழக்கம்: 1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பெற்ற ஆர்னே லார்சனுக்கு முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அவர் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். கருவியை வடிவமைத்த ரூனே எல்ம்குவிஸ்ட்டும் அறுவை செய்த ஓகே சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

இறப்பு திடீரென நேர்ந்திருந்தாலோ காரணம் தெளிவாக இல்லாவிட்டாலோ கருவியை அவசரப்பட்டு அழிக்க விடாதீர்கள். கடைசியாக ஏற்பட்ட துடிப்புக் கோளாறுகளும் அவற்றின் நேரமும் பேட்டரியின் நிலையும் அதன் நினைவகத்தில் இருக்கும். புரோகிராமர் மூலம் படித்தால் எப்போது, எதனால் என்பதற்கு நல்ல தடயம் கிடைக்கும். என் துறையில் இவை அடையாளச் சீட்டாகவும் உதவுகின்றன. 2009இல் கலிபோர்னியாவில் பற்களும் விரல்களும் அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் உடலை, மார்பகப் பைகளில் இருந்த வரிசை எண்ணை வைத்தே அடையாளம் கண்டார்கள். பேஸ்மேக்கரில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. மூட்டுகளிலும் தகடுகளிலும் பெரும்பாலும் தொகுதி எண் மட்டுமே இருக்கும், அது ஆளைக் குறுக்கிக் காட்டுமே தவிர உறுதி செய்யாது.

உங்கள் தந்தைக்குக் கருவி பொருத்தியபோது கொடுத்த அடையாள அட்டை வீட்டில் இருக்கும். அதில் உள்ள மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு, இறப்பு நேர்ந்த மருத்துவமனையின் பிணவறைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். "கருவி எடுக்கப்பட்டது" என்ற பதிவும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்பும் ஒழுங்கான பிணவறைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கருவியே உங்கள் கைக்கு வந்தால் எரியும் குப்பையில் மட்டும் போடாதீர்கள். அதன் சேமிப்பில் இருக்கும் பதிவுகள் வேண்டுமென்றால், அவருக்குச் சிகிச்சை அளித்த இதயவியல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கம்பி வெட்டப்பட்ட பிறகும் அவற்றைப் படிக்க முடியும்.